பிணை நின்ற படலம்

நம் தோட்டங்களிலே 'விதி' என்னும் சொல்லைப்போல் மலிவாக வழங்கும் சொல் வேறொன்றில்லை. குலை விழுந்து தோள் முறிந்தால் விதி. பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு ஊர் சுற்றினால் விதி. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயத்தைக் காலி செய்யுமாறு கடிதம் வந்தால் அதுவும் விதி. இந்து அன்பர் தலையெழுத்து என்பார்; முஸ்லிம் அன்பர் நசீபு என்பார்; பக்கத்துக் கம்பத்து மலாய் நண்பர் தக்தீர் என்பார். சொற்கள் மூன்று, பெருமூச்சு ஒன்றே. இப்பெருமூச்சு இறைவன் கட்டளைக்குத் தலைவணங்கும் பக்தியா, அல்லது செய்யவேண்டியதைச் செய்யாதிருப்பதற்கு நாம் தேடிக்கொண்ட சாக்கா? இவ்வினாவை உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்தின் ஒரு படலத்தை முன்வைத்து ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஆராயத் தூண்டிய நிகழ்ச்சியை மறைக்காமற் கூறுதல் கடமை. நாம் ஈஜோக் வட்டாரத்திலே செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணி வேலை பார்ப்பவர். மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் தென்னமரம் தோட்டத்திலே நடப்பெற்றது இந்தக் கோலசிலாங்கூர் மாவட்டத்திற்றான். ரப்பர் பால் மரத்திலிருந்து வடியும். செம்பனைக் குலையோ தலைக்கு மேலிருந்து விழும். சில ஆண்டுகளுக்கு முன்பு எம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகையில், குலை இழுத்த பக்கம் விழாமல் அவர் முதுகின்மேல் விழுந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அவரைப் பார்க்கச் சென்றோம். திண்ணையிற் பலர் கூடியிருந்தனர். நாமும் அமர்ந்து, "என்ன செய்யறது அண்ணே, எல்லாம் விதி" என்று சொன்னோம். கூடியிருந்தோர் தலையசைத்தனர். படுத்திருந்தவர் ஒன்றும் பேசவில்லை.

அங்கே ஈஜோக் பட்டணத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் முதிய முஸ்லிம் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். அவர் எம்மை நோக்கி, "தம்பி, விபத்துக் கடுதாசி அனுப்பியாச்சா?" என்று கேட்டார். வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் முதலாளி தரப்பினர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது விதி. அரசாங்கம் எழுதிய விதி. அன்று பதினோராம் நாள். படிவம் எம் மேசை இழுப்பறையிற் கிடந்தது. மாதக்கடைசிக் கணக்கு, சம்பளப் பட்டுவாடா என்று நாம் ஏதோ கூறினோம். பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. "அல்லா விதிச்சத அவரு பொறுத்துக்குவாரு, தம்பி. அவருக்காக நீங்க ஏன் பொறுத்துக்கிறீங்க?" என்றார். மறுவாரம் நாம் கடைக்குச் சென்றபோது, அட்டை கழன்ற பழைய சீறாப் பிரதியொன்றை எம் கையிற் கொடுத்து, 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்ற இடத்தைக் காட்டி, படித்துப் பார்க்குமாறு சொன்னார். ஆங்கில வழியிலே பயின்ற நாம் சீறாவைத் தொட்டது அதுவே முதன்முறை.

நிற்க. சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் திருச்சரிதையைப் பாடும் தமிழ்க் காப்பியம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும் 5,027 பாக்களும் உடையது. ஆசிரியர் உமறுப் புலவர் எட்டயபுரத்தில் வாழ்ந்தவர், பதினேழாம் நூற்றாண்டினர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இந்நூல் எழத் துணையாயிருந்தார் என்றும், நூல் முடியுமுன் அவ்வள்ளல் மறையவே பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவளித்து நிறைவேற்றினார் என்றும் மரபு கூறும். புரவலர் இறந்தமை இறைவன் கட்டளை என்று புலவர் ஏட்டைக் கட்டி வைத்திருப்பின் நமக்குச் சீறா கிடைத்திராது. அவர் வேறொரு வாயிலைத் தட்டினார். நூலின் வரலாறே நம் வினாவுக்கு ஒரு விடைபோல் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

நாம் எடுத்துக்கொண்ட படலம் நுபுவ்வத்துக் காண்டத்தில் உள்ளது. கதை சிறிது. வேடனொருவன் வலையிலே பெண்மான் ஒன்று சிக்கிக் கட்டுண்டு கிடக்கிறது. நபிகள் அவ்வழியே வருகிறார். மான் அவரிடம் வாய்திறந்து பேசுகிறது. பாலுக்கு ஏங்கும் தன் கன்றை நினைத்து அது வருந்துகிறது. சென்று பாலூட்டி மீண்டு வருவதாகச் சொல்லி விடை வேண்டுகிறது. வேடன் நம்பவில்லை. காட்டுக்குள் ஓடிய மான் திரும்பி வந்ததாக எவர் கேட்டிருக்கிறார்? நபிகள் அம்மானுக்குத் தாமே பிணை நிற்கிறார். மான் செல்கிறது, கன்றைக் காண்கிறது, பாலூட்டுகிறது, சொன்ன சொல் தவறாமல் கன்றோடும் மீள்கிறது. கண்ட வேடன் மனம் மாறித் தீனில் சேர்கிறான். மான் விடுதலை பெறுகிறது.

இக்கதை வரலாற்றில் நிகழ்ந்ததா என்ற வாதம் உண்டு. மான் பேசிய செய்தியைக் கூறும் அறிவிப்புக்களின் தொடர் வலுவற்றது என ஹதீஸ் ஆராய்ச்சியாளர் பலர் ஒதுக்கியுள்ளனர். சீர்திருத்த நோக்குடைய முஸ்லிம் அன்பர்கள் இதனைக் கட்டுக்கதை என்று தள்ளுவதும் நாம் அறியாததன்று. அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி நமக்கு இல்லை. தீர்க்க வேண்டிய தேவையும் இங்கு இல்லை. நாம் ஆராய்வது புலவர் கட்டிய கவிதையை. துன்பத்தில் இறைவன் விதியை ஏற்பது எங்ஙனம் என்பதை அக்கவிதை எவ்வாறு நடத்திக் காட்டுகிறது என்பதே நம் கேள்வி.

முதலாவதாக, நிகழ்ச்சிகளின் முறைவைப்பை நோக்குவோம். மான் தன் மரணத்தை ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மையே. அதனாலன்றோ மீண்டு வருகிறது! ஆயின் அவ்வேற்பு கதையின் தொடக்கத்தில் இல்லை, முடிவிலே இருக்கிறது. கட்டுண்டவுடன் 'இது விதி' என்று கண்ணை மூடிக் கிடந்திருப்பின் படலமே எழுந்திராது. மான் முறையிடுகிறது. எவரிடம் முறையிட்டாற் பயனுண்டோ அவரிடம் முறையிடுகிறது. இன்னது வேண்டும், இதன்பொருட்டு வேண்டும், இன்னது செய்து மீள்வேன் என்று அது வகுத்துக் கூறும் விண்ணப்பம், விண்ணப்பம் எழுதிப் பழகிய கிராணிக்கும் பாடமாகும். பின்னர்த் தன் கடமையைச் செய்கிறது. கன்றின் வயிறு நிறைகிறது. இவை யாவும் முடிந்த பிறகே, தன் கையில் எஞ்சியது தன் உயிர் ஒன்றே என்ற நிலையிலே, அது வேடன்முன் வந்து நிற்கிறது. முறையீடு, முயற்சி, கடமை, அதன் பின்னரே பொறுமை. இவ்வரிசையைத் தலைகீழாக்கிப் பொறுமையை முதலில் வைத்தோமாயின் மற்ற மூன்றுக்கும் இடமே இல்லாமற்போம்.

இரண்டாவதாக, நபிகள் என்ன செய்கிறார் என்பதினும் என்ன செய்யவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. களா கத்ர் எனப்படும் இறைவிதியை நம்புதல் இஸ்லாத்தில் ஈமானுக்குரிய ஆறனுள் ஒன்று. நன்மையும் தீமையும் அவனது விதிப்படியே வரும் என்று உலகுக்குக் கற்பித்தவர் நபிகள். அக்கற்பனையை அவர் கட்டுண்ட மானின் முன்னே நின்று உபதேசிக்கவில்லை. 'நீ பிடிபட்டது இறைவன் நாட்டம். பொறுத்துக்கொள்' என்று சொல்லி வழிநடந்திருக்கலாம். சொல்லில் ஒரு பிழையும் இராது. அவரோ பிணை நிற்கிறார். மான் திரும்பாவிடின் வேடனுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்கிறார்.

'பிணை' என்ற சொல்லின் நயத்தைத் தமிழறிந்தார் எவரும் இங்கே உணர்வர். பிணை என்பது பெண்மானுக்குப் பெயர். ஒருவர் பொருட்டு மற்றொருவர் ஏற்கும் உத்தரவாதத்துக்கும், அதாவது ஜாமீனுக்கும், அதுவே பெயர். கட்டுதல் என்னும் பொருளில் வரும் 'பிணைத்தல்' என்பதும் அச்சொல்லின் வழியதே. பிணைக்கப்பட்ட பிணைக்குப் பிணை நிற்றல்! கயிற்றாற் கட்டுண்டது மான். சொல்லாற் கட்டுண்டவர் நபி. அரபு நாட்டுக் கதையைத் தமிழிலே சொல்லப் புகுந்த புலவருக்கு நம் மொழி தானாகவே கொடுத்த செல்வம் இஃது. தோட்டத்திலே கடன் சங்கத்தில் பிறருக்காக ஜாமீன் கையெழுத்திட்டு இரவெல்லாம் உறங்காதிருந்தவர்களுக்கு இதன் பாரத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே நாம் அடையும் முடிவு இது: தன் துன்பத்தை இறைவன் விதியென்று ஏற்பது பக்தி, அயலான் துன்பத்தை இறைவன் விதியென்று நாம் ஏற்றுக்கொள்வது அவனைக் கைவிடுதல். முன்னதைச் சொல்லும் உரிமை துன்புறுவோனுக்கு மட்டுமே உண்டு. அருகிருப்போனுக்கு உரியது பிணை நிற்றல். இரண்டு இடங்களையும் மாற்றிவிட்டதே நம் பிழை. அன்று அந்தத் திண்ணையிலே நாம் மானின் சொல்லை எடுத்து வேடன் வாயால் பேசினோம்.

இது கவிதையின் கற்பனை மட்டுமே என்று கருதுவார்க்கு வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று காட்டுவோம். இஸ்லாமியர் 'கிஸ்மத்' என்று சொல்லிக் கைகட்டி இருப்பவர் என்பது ஆங்கிலக் கதைகளிலும் பயண நூல்களிலும் நாம் இளமையிற் கண்ட சித்திரம். அதனை நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். கி.பி. 639-ஆம் ஆண்டளவில், கலீபா உமர் ஷாம் நாட்டை நோக்கிப் பயணப்பட்டார். அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியிலே செய்தி வந்தது. உமர் பலரையும் கலந்து, திரும்பிவிடத் தீர்மானித்தார். படைத்தலைவராகிய அபூ உபைதா, இறைவன் விதியினின்றும் தப்பி ஓடுவதா என்று வினவினார். ஆம், இறைவன் விதியிலிருந்து இறைவன் விதிக்கே செல்கிறோம் என்ற கருத்துப்பட உமர் விடையிறுத்து, ஓர் உவமையும் கூறினார். பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையானது, மற்றது வறண்டது. ஒட்டகத்தைப் பசுஞ்சரிவில் மேய்த்தாலும் இறைவன் விதியே, வறண்ட சரிவில் மேய்த்தாலும் இறைவன் விதியே. அறிவுடையோன் எங்கே மேய்ப்பான்? நோயுள்ள ஊருக்குட் புகவேண்டா, நோயுள்ள ஊரிலிருந்து வெளியேறவும் வேண்டா என்று நபிகள் கூறியிருந்த செய்தியையும் அங்கிருந்த தோழர் ஒருவர் எடுத்துரைத்தார். உமர் திரும்பினார். கேள்வி கேட்ட அபூ உபைதாவோ தம் படையினரோடு அங்கேயே தங்கி, அந்நோய்க்கே இரையானார். இருவரும் விதியை நம்பியவரே. ஒருவர் புகாமல் தடுத்தார். மற்றவர் தம்மவரை விட்டு அகலவில்லை. இவருள் எவரும் பிறர் சாவைக் காட்டி 'விதி' என்று வாளாவிருந்தாரில்லை.

நம் நாட்டுச் சான்றும் ஒன்றுண்டு. ரப்பர்த் தோட்டங்கள் தோன்றிய காலத்திலே சிலாங்கூரின் சதுப்பு நிலங்களில் மலேரியாக் காய்ச்சல் நம் முன்னோரைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று. அக்காலத்தில் அதனையும் விதியென்றே கொண்டார் பலர். கொசுவே அந்நோயைக் கொண்டு வருவதென்பதை ரொனால்ட் ராஸ் 1897-இற் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் அவ்வறிவைக் கைக்கொண்டு, பட்டணத்தைச் சூழ்ந்த சதுப்பிலே கால்வாய் வெட்டி நீரை வடியச் செய்தார். காய்ச்சல் பெரிதும் குறைந்தது. சதுப்பு நீர் வடிந்தபோது இறைவனது விதி பொய்த்துவிட்டதென்று எவரும் கூறார். உமர் காட்டிய பசுஞ்சரிவு கிள்ளானிலே கால்வாய் வடிவிற் கிடந்தது, அவ்வளவே. திருக்குறளில் ஊழ் என்னும் அதிகாரத்தை வைத்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை நாம் அறிவோம். ஒன்றை மனப்பாடம் செய்து மற்றதை மறப்பது நூலின் குற்றமன்று.

இனி, படலத்தின் குறையையும் கூறாது விடுதல் விமரிசகன் கடமைக்கு ஒவ்வாது. முடிவிலே மானுக்கு விடுதலை கிடைக்கிறது. கேட்போர் உள்ளம் குளிர்கிறது. ஆனால் அக்குளிர்ச்சியிலே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 'பொறுத்தால் பலன் கிடைக்கும்' என்ற வாணிகக் கணக்காக இக்கதையை எடுத்துக்கொள்ள இடமுண்டு. மேடையிலே இக்கதையைச் சொல்லும் பேச்சாளர் பலர் அங்ஙனமே முடிக்கக் காண்கிறோம்: பொறுத்திரு, வேடன் மனம் மாறுவான் என்று. நம் அனுபவத்திலே வேடர் எல்லாரும் மனம் மாறுவதில்லை. மீண்டு வந்த மான்கள் பல அறுபட்டிருக்கின்றன. பொறுத்தவர் முதுகு நேராவதில்லை. இழந்த லயம் மீள்வதில்லை.

எனினும் இக்குறை கதையின் உடலிலே உள்ளது. உயிரிலே இல்லை என்பது நம் துணிபு. மான் திரும்பி நடக்கும்போது வேடன் மனம் மாறும் என்பதை அறியாது. கன்றுக்கு இதுவே கடைசிப் பால் என்று எண்ணியே ஊட்டுகிறது. அந்த எண்ணத்தோடு அது எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் அதன் பொறுமை நிறைவெய்திவிட்டது. விடுதலை அதற்குமேற் கிடைத்தது. கிடையாதிருப்பினும் அம்மான் சிறியதாகிவிடாது. நபிகளின் வாழ்விலேயே விடுதலை கிட்டாத இடங்கள் பல உண்டு. அவர்தம் மகவு இபுறாகீம் சிறு பருவத்திலேயே இறந்தது. அந்நாளில் அவர் கண்ணீர் வடித்தார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. கண்கள் அழுதன, உள்ளம் துயருற்றது. ஆயினும் இறைவனுக்கு ஒவ்வாத சொல் நாவில் வரவில்லை. அழுகைக்கும் பொறுமைக்கும் பகையில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? துக்க வீட்டிலே அழுகின்ற தாயை 'அழாதே, விதி' என்று அடக்கும் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

வேடனைப் பற்றியும் ஒரு சொல். அவனை நாம் கொடியவன் என்று கருதிவிடுதல் எளிது. கூர்ந்து நோக்கின் அவன் காடெல்லாம் அலைந்து வயிறு வளர்க்கும் எளியவன். அவன் ஐயம் நியாயமானது. ஆயினும் ஒருவர் பிணை நிற்க முன்வந்தபோது அவன் மானை அவிழ்த்துவிடுகிறான். அந்தக் கணத்திலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. பிணை நிற்பவர் ஒருவர் தோன்றினால், கட்டியவன் கையும் தளர இடமுண்டு. எவரும் தோன்றாவிடின் கட்டு மேலும் இறுகும். நல்லவர் என்று பெயரெடுத்தவர்கள் எல்லாம் திண்ணையில் அமர்ந்து தலையசைப்பதே எளியோரின் துன்பம் நீளக் காரணம் என்று நாம் கூறினால் அது மிகையாகாது.

அந்தக் கடிதம் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். மறுநாட் காலை பிரட்டு முடிந்தவுடன் அதனை நிரப்பி அனுப்பினோம். தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்திலே எம் பிழை என்றே எழுதினோம். அத்தாமதத்தால் கேள்விகள் எழுந்தன; பலமுறை நடக்க நேர்ந்தது; அத்தொழிலாளி உதவித்தொகை பெறுவதற்கு மாதங்கள் பல சென்றன. அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது அவர் மனைவி வாங்கிய கடனால். அதிற் பெரும்பகுதி மேற்கூறிய பெரியவரின் கடைப் பற்றுவரவேட்டில் உள்ளது. அவர் அதனைக் கேட்டதாக நாம் அறியோம்.

அவர் முதுகு பழையபடி ஆகவில்லை. இன்றும் மாலை வேளைகளில் வாசற்படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமர்ந்திருப்பார். ஒருநாள் அவ்வழியே சென்ற நம்மை அழைத்து உட்காரச் சொன்னார். பேச்சின் நடுவே, "ஆண்டவன் கொடுத்தது கிராணியாரே, என்ன பண்றது. பிள்ளைங்க படிக்குது, அது போதும்" என்றார். பதினோராம் நாள் நாம் சொன்ன பொருளும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் அவர் வாயிலிருந்து வந்தபோது அது வேறாக ஒலித்தது. அதற்கு ஆமென்று சொல்லவும் நமக்கு நாவெழவில்லை.

தமிழ்ப் பெருமக்களே! தோட்டத்து நூலகங்களிலும் பட்டணத்து வாசகசாலைகளிலும் சீறாப்புராணத்தை வாங்கி வையுங்கள். முஸ்லிம்களின் நூல் என்று மற்றையோரும், கடினமான தமிழ் என்று முஸ்லிம் இளைஞரும் அதனை அலமாரியிற் பூட்டி வைத்திருக்கும் நிலை மாறுதல் வேண்டும். ஓரிரவு எல்லாச் சமயத்தாரும் கூடியமர்ந்து இந்தப் படலத்தை மட்டுமாவது உரக்கப் படியுங்கள். படித்து எழுந்தபின், அண்டை வீட்டிலே துன்பம் நேர்ந்து, கூடியிருப்போருள் ஒருவர் விதியென்று பேச்செடுத்தால், அந்த ஈஜோக் பெரியவரைப்போல் மெல்ல ஒரு கேள்வி கேளுங்கள்: கடுதாசி அனுப்பியாச்சா? அனுப்பவில்லையெனின், அவ்விரவே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.